நான் பாத்துக்கிடுகேன்

என்னைப் பெண் பார்க்க வந்த அன்று, பேச்சு நடந்துகொண்டிருக்கும்போதே மாப்பிள்ளையின் அப்பா காணாமல் போனார்.

மார்த்தாண்டத்தில் எங்கள் வீட்டு முன்னறை. மாப்பிள்ளை, அவருடைய அம்மா, சித்தி, அவர்கள் சபையின் போதகர் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் காப்பித் தட்டோடு வந்தபோது ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தது. போன் பேச வெளியே போயிருப்பார் என்று என் அப்பா நினைத்தார். கொஞ்ச நேரத்தில் வீட்டின் பின்பக்கம் டொக் டொக்கென்று சத்தம் கேட்டது. அம்மா போய்ப் பார்த்தாள். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, ஒரு கல்லை எடுத்து, எங்கள் அடுக்களைக் கதவின் கீலைத் தட்டிக்கொண்டிருந்தார் அவர். அந்தக் கதவு தாழ்ப்பாள் விழாமல், கயிறு போட்டுக் கட்டிவைத்து, நாங்கள் பல வருடமாகக் காலம் தள்ளிய கதவு.

“கீல் எறங்கிப்போச்சு. அதாக்கும் தாள் விழாதது. இப்பம் பூட்டிப் பாருங்க” என்றார்.

அம்மா பூட்டிப் பார்த்தாள். சத்தமே இல்லாமல் தாழ்ப்பாள் விழுந்தது. மாப்பிள்ளையைப் பற்றி அதற்குப் பிறகு அம்மா அதிகம் விசாரிக்கவில்லை. “இப்பிடி ஒரு மனுஷன் இருக்க வீட்டுல பிள்ளைக்கு ஒரு குறையும் வராது” என்று அன்று ராத்திரியே முடிவு சொல்லிவிட்டாள்.

அம்மா சொன்னது சரிதான். ஒரு குறையும் வரவில்லை. குறை வருவதற்கு முன்பே மாமா வந்துவிடுவார்.

மாமாவை முதலில் பார்க்கிறவர்கள் ஆசாரி என்றோ மெக்கானிக் என்றோ நினைப்பார்கள். அவர் நெய்யாற்றின்கரையில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க்காக இருந்தவர். காலையில் இஸ்திரி போட்ட சட்டையோடு பஸ் ஏறுவார். சாயங்காலம் வந்ததும் சட்டையைக் கொடியில் போட்டு, கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்பக்கம் கிணற்றை அடுத்திருந்த தகரக் கொட்டகைக்குள் நுழைவார். அதற்கு என் புகுந்த வீட்டில் பணிப்புரை என்று பெயர். கயிறு, ஏணி, கடப்பாரை, ஸ்பானர், அறுப்பு வாள் எல்லாம் அதற்குள்தான். மற்றவர்கள் எடுத்தால் எடுத்த இடத்தில் வைப்பதில்லை என்பதால் அதைப் பூட்டியே வைப்பார். சாவி அவருடைய அரைஞாண் கயிற்றில் தொங்கும். குளிக்கும்போதும் அங்கேதான்.

பாறசாலையிலிருந்து கொஞ்சம் உள்ளே, ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்த அந்த வீட்டில் அவர் கை படாத பொருள் ஒன்றுகூட இல்லை. கேட்டை விட்டுவிட்டால் தானாக வந்து சாத்திக்கொள்ளும். மழை பெய்தால் கூரைத் தண்ணீர் கறிவேப்பிலை மரத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் மைக் கரகரத்தால் சபை முழுவதும் திரும்பி மாமாவைத்தான் பார்க்கும். அவர் பாட்டுப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து போவார். பக்கத்து வீட்டில் மிக்ஸி நின்றுபோனால் மதில் வழியாகவே அதை நீட்டுவார்கள். எல்லாருக்கும் அவர் சொல்வது ஒன்றேதான்.

“அங்ஙன வையுங்க. நான் பாத்துக்கிடுகேன்.”

எனக்கு நெய்யாற்றின்கரையில் ஒரு லேபில் வேலை. ரத்தப் பரிசோதனை செய்வேன். நான் ஆறு மாதக் கர்ப்பமாக இருந்தபோது அவர் தன் ஸ்கூட்டரின் பின்சீட்டில் முதுகு சாய்க்க ஒரு கம்பி வைத்து வெல்டிங் செய்து, அதன் மேல் பழைய மெத்தைப் பஞ்சைச் சுற்றித் தைத்தார். பிரசவ லீவு தொடங்கும்வரை அவரே கொண்டுவிட்டு, அவரே கூட்டிவந்தார். வழியில் குழி எங்கே இருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். என் உடம்பு ஒருமுறைகூட அதிரவில்லை. பெற்ற அப்பாகூட அப்படிச் செய்திருப்பாரா என்று தெரியவில்லை.

இப்படிப்பட்ட ஒருவரிடம் மூச்சு முட்டுகிறது என்று யாரிடம் போய்ச் சொல்வது?

அந்த வீட்டின் ஸ்விட்ச் ஒவ்வொன்றும் ஒரு விதம். தண்ணீர் சூடாக வேண்டுமென்றால் முதலில் மாடிப்படி விளக்கை அணைக்க வேண்டும். மேல்தொட்டி வால்வை இடதுபக்கம் கால்வாசி திருப்பி நிறுத்த வேண்டும். முழுக்கத் திருப்பினால் அடுக்களையில் தண்ணீர் வராது. இதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். சொல்லித் தரச் சொன்னால், “அது உனக்கு என்னத்துக்கு மக்கா? நான் இல்லியா?” என்பார். என் கணவருக்கு ஒரு பல்பு மாற்றத் தெரியாது. அவர் சின்ன வயதில் ஸ்குரூ டிரைவரைக் கையில் எடுத்தபோதெல்லாம் மாமா சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டிருக்கிறார். மாமியோ கல்யாணமாகி வந்த நாளிலிருந்து மோட்டார் ஸ்விட்சைத் தொட்டதில்லை.

மகள் பிறந்த பிறகு ஒருமுறை என் சம்பளத்தில் ஒரு புத்தக அலமாரி வாங்கினேன். பெட்டியில் பலகை பலகையாக வருமே, அது. தரையில் உட்கார்ந்து, அதோடு வந்த சின்ன வளைந்த சாவியால் நானே முடுக்கி நிறுத்தினேன். லேசாக ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. ஆனாலும் அந்த வீட்டில் நான் செய்த ஒரே பொருள். படுக்கும் முன்பு அதை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மறுநாள் வேலை முடிந்து வந்தபோது அதைச் சுவரோடு சேர்த்து ஆணி அடித்து, சாய்வு எடுத்து, புத்தகங்களை உயரப்படி அடுக்கி வைத்திருந்தார்.

“சாஞ்சு நிண்ணுது மக்கா. பிள்ளைக்க தலையில விழுந்தா என்னெய்ய?”

அவர் சொன்னது சரி. எப்போதும் சரியாகத்தான் சொல்வார். நான் குளியலறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டு அழுதேன். அந்தத் தாழ்ப்பாளும் அவர் செய்ததுதான். குழந்தை உள்ளே மாட்டிக்கொண்டால் வெளியிலிருந்து ஒரு நாணயத்தை விட்டுத் திருகித் திறக்கலாம். கொஞ்ச நேரத்தில் வெளியே செருப்புச் சத்தம் கேட்டது.

“மக்கா, தாள் சிக்கிப்போச்சா? நான் தொறக்கட்டா?”

முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தேன்.

தனி வீடு பார்ப்பது என்று நானும் கணவரும் முடிவு செய்தது அதற்குப் பிறகுதான். நெய்யாற்றின்கரையில் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு வாடகை வீடு. கணவருக்குத் திருவனந்தபுரத்தில் வேலை, ரயில் ஏற வசதி; எனக்கு லேபுக்கு நடை தூரம். சாப்பாட்டு நேரத்தில் கணவர் மெதுவாகச் சொன்னார். மாமா கை கழுவிவிட்டு எழுந்து போனார். அந்த வாரமே வீட்டு முன்னால் மணலும் செங்கல்லும் வந்து இறங்கின.

“உங்க ரெண்டு பேருக்கும் இடம் போதல்ல. மேல ஒரு முறி எடுக்கேன். படியும் தனியா” என்றார்.

ஒரு கொத்தனாரைக் கூட வைத்துக்கொண்டு மழைக்காலம் வருவதற்குள் மாடி அறையைக் கட்டி முடித்தார். ஜன்னல் கம்பிகளில் என் மகளுக்குப் பிடித்த கிளியை வளைத்து வைத்திருந்தார். அப்படி ஒரு அறையைக் கட்டித் தந்தவரிடம், போகிறோம் என்று எப்படிச் சொல்வது? இரண்டாவது முறை மகளின் பள்ளிக்கூடத்தைக் காரணம் சொன்னோம். மதிலை இடித்து, வழியை அகலப்படுத்தி, பள்ளி வேன் வீட்டு வாசல்வரை வந்து திரும்புகிற மாதிரி செய்துவிட்டார். அவர் எங்களோடு சண்டை போட்டதில்லை, குரலை உயர்த்தியதில்லை. நாங்கள் வாயைத் திறக்கும்போதெல்லாம் ஒரு சுவர் எழும்பியது. நன்றாகப் பூசிய, நேராக நிற்கிற சுவர்.

ஒருநாள் நான் பொறுக்க முடியாமல் மாமியிடம் கேட்டேன், “மாமாக்கு ஒரு பணிக்காரனக் கூப்பிட்டா என்ன? என்னத்துக்கு எல்லாத்துக்கும் அவரே கெடந்து இப்பிடி?”

மாமி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“அவருக்க அப்பன் மலையில எஸ்டேட்டுக்குப் போயிடுவாரு, மாசக்கணக்கா வரமாட்டாரு. வீடு ஓலை வீடு. மழை வந்து கூரை பிஞ்சுபோச்சு. ஓலை மேயுகவன் நாளைக்கு வாறேன்னு சொன்னானாம். வரல்ல. அடுத்த நாளும் வரல்ல. அம்மையும் பிள்ளியளும் நனையாத ஒரு மூலையில ஒட்டிக்கிட்டு நிண்ணாவளாம். இவரு வாசல்ல நிண்ணு வழியப் பாத்துக்கிட்டே இருந்தாராம். அதுல ஒரு தங்கச்சி காய்ச்சல் வந்து செத்துப்போச்சு.” கீரைத் தண்டைக் கிள்ளிப் போட்டாள். “ஆரையும் பாத்து நிக்கப்பிடாதுன்னு சொல்லுவாருல்லா, அது அங்ஙன வந்ததாக்கும்.”

அதைக் கேட்ட பிறகு அவர்மேல் கோபப்படவும் முடியாமல் போயிற்று. என்னைச் சுற்றி இருந்த சுவர்களில் அது இன்னும் ஒன்று.

கிணற்றில் நடந்தது அதற்கு அடுத்த இடவப்பாதியில், ஜூன் மாத மழையில்.

அன்று எனக்கு லீவு. கணவர் வேலைக்குப் போயிருந்தார், மகள் பள்ளிக்கூடத்தில். மாமா அப்போது ரிட்டயர் ஆகி வீட்டில்தான் இருந்தார். மத்தியானம் சாப்பிட்ட பிறகு மோட்டார் தண்ணீர் இழுக்கவில்லை. குழாயின் அடியில் இருக்கிற வால்வில் சருகு அடைத்திருக்கும் என்று சொல்லி மாமா கிணற்றில் இறங்கினார். எங்கள் கிணறு வெட்டுக்கல் பாறையில் தோண்டியது. கால் வைக்கப் பக்கச் சுவரில் பொந்துகள் வெட்டியிருக்கும். கப்பி தொங்கும் குறுக்குச்சட்டத்தில் கயிற்றைக் கட்டி, அதைப் பிடித்துக்கொண்டு அவர் வருடத்துக்குப் பலமுறை இறங்கி ஏறுவார். நாங்கள் எட்டிப் பார்ப்பதுகூட இல்லை.

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். எதுவோ சரிந்து தண்ணீரில் விழும் சத்தம் கேட்டது. ஓடிப் போய்ப் பார்த்தேன். குறுக்குச்சட்டம் முறிந்து கயிற்றோடு கீழே போயிருந்தது. கலங்கிய தண்ணீரில் மாமாவின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன.

“மாமா!”

“ஒண்ணும் இல்ல மக்கா. பொந்து உடைஞ்சுபோச்சு. காலுல ஒரு கல்லு விழுந்து கெடக்கு. எடுக்க ஒக்கல்ல, காலு அசையல்ல. பதறாண்டாம். நான் பாத்துக்கிடுகேன்.”

கிணற்றின் அடியில் நின்றுகொண்டும் அதைத்தான் சொன்னார்.

மாமி வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே கைப்பிடிச் சுவரில் சாய்ந்துவிட்டாள். நான் தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்தேன். கிளம்பிவிட்டதாகவும், வழியில் மரம் விழுந்து கிடப்பதால் சுற்றித்தான் வர வேண்டும் என்றும் சொன்னார்கள். கணவருக்குச் சொன்னேன். என் சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ரப்பர் வெட்டுகிறவர் மதிலைத் தாண்டிக் குதித்து வந்தார். கைலியை மடித்துக் கட்டியவர், “அண்ணா, ஞான் எறங்ஙட்டே?” என்று கேட்டார்.

“எறங்ஙண்டா!” என்று கீழிருந்து சத்தம் வந்தது. “கல்லு எல்லாம் இளகி நிக்குது. நீ கால் வச்சா ரெண்டு பேருக்க தலையிலயும் விழும்.”

மழை மறுபடி பிடித்துக்கொண்டது. சுவரிலிருந்து பல இடங்களில் தண்ணீர் ஊறி இறங்குவது மேலிருந்தே தெரிந்தது. மார்பளவு இருந்த தண்ணீர் தோளைத் தொடப் போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நல்ல கயிறு வேண்டும். நல்ல கயிறு பணிப்புரைக்குள். பணிப்புரையின் சாவி மாமாவின் இடுப்பில்.

துணிக்கொடியின் நைலான் கயிற்றை அவிழ்த்து, குளியலறைக் கப்பைக் கட்டி இறக்கினேன். மாமா தண்ணீருக்குள் கையை விட்டு, அரைஞாணை அறுத்து, சாவியைக் கப்பில் போட்டார். மேலே இழுத்தேன். சாவியைப் பூட்டில் விட்டுத் திருகினேன். திறக்கவில்லை.

“மேல தூக்கிப் பிடிச்சு இடத்தோட்டு திருகு!” கிணற்றிலிருந்து குரல் வந்தது. “பின்ன கொஞ்சம் பொறகோட்டு வலி! அப்பம் ஒரு சத்தம் கேக்கும்!”

தூக்கிப் பிடித்தேன், திருகினேன், இழுத்தேன். சத்தம் எதுவும் கேட்கவில்லை. ஈரக்கை வழுக்கியது. ரப்பர்காரரும் முயன்று பார்த்தார். அதுவும் மாமா செய்த பூட்டு. வேறு கைக்குத் திறப்பதில்லை. அவருடைய குரல் மட்டும் விடாமல் வந்தது, தூக்கு, திருகு, வலி, அவசரப்படாண்டாம் என்று. நான் பின்கட்டுக்கு ஓடி அம்மிக்குழவியைத் தூக்கி வந்தேன். எனக்கு அவ்வளவு பலம் எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. கதவின் பலகையிலேயே ஓங்கிப் போட்டேன்.

“எடி, என்னத்த உடைக்கிய?” என்று கிணற்றிலிருந்து கூப்பாடு. “உடைக்காண்டாம்! மக்கா! அது தேக்காக்கும்!”

இன்னொருமுறை போட்டேன். பலகை பிளந்து உள்ளே விழுந்தது.

கயிற்றோடு நான் திரும்பி வந்தபோது மாமா வேறு மாதிரி பேசிக்கொண்டிருந்தார். குரல் தணிந்திருந்தது. மாமியைக் கூப்பிட்டு ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கேட்டியா? வெள்ளம் சூடாக்க மாடிப்படி லைட்ட அணைக்கணும். இல்லேங்கி ஃபியூஸ் போவும். டாங்க் வால்வு இடத்தோட்டு கால் சுத்து. கேட்டுக்கு மாசம் ஒருக்கா எண்ணெய் இடணும். பிள்ளைக்க ஊஞ்சல் சங்கிலியில ஒரு கண்ணி தேஞ்சு இருக்கு, அத மாத்தச் சொல்லணும்…”

“நீங்க சும்மா இரியுங்க. நீங்க வந்து செய்யுங்க” என்று மாமி அழுதாள்.

“நீ கேளு முதல்ல. பின்ன ஆரு சொல்லித் தருவா?”

அத்தனை வருடம் சொல்லித் தராததை எல்லாம் அவர் அங்கே நின்று சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் கழுத்துக்கு வந்துகொண்டிருந்தது. அவர் எதற்குத் தயாராகிறார் என்று எனக்குப் புரிந்தது. கயிற்றின் ஒரு முனையைப் பலாமரத்தில் நாலைந்து சுற்றுச் சுற்றிக் கட்டினேன். மறுமுனையில் ஒரு வளையம் போட்டுக் கீழே இறக்கினேன்.

“அந்தக் கெட்டு சரியில்ல மக்கா. கயற்ற மாத்திப் போடு. வலக்கை மேல வரணும்…”

“மாமா, பேசாம இரியுங்க!”

அவரிடம் நான் அப்படிச் சத்தம் போட்டதில்லை. மாமி திரும்பி என்னைப் பார்த்தாள்.

“ஒண்ணும் சொல்லாண்டாம். நான் சொல்லுகத மட்டும் செய்யுங்க. கயற்ற தலை வழியா இடுங்க. ரெண்டு கையையும் வெளிய எடுங்க. கக்கத்துக்கு அடியில வரட்டும். மயக்கம் வந்தாலும் நீங்க வெள்ளத்துக்குள்ள போவப்பிடாது. நாங்க பிடிச்சிருக்கோம்.”

  மறுப்பார் என்று நினைத்தேன். மெதுவாக இரண்டு கைகளையும் தூக்கி, குழந்தை சட்டை போட்டுக்கொள்வதுபோல அந்த வளையத்துக்குள் நுழைந்தார்.

“இட்டேன்” என்றார்.

“கயற்ற வலிக்கேன். பைய.”

நானும் ரப்பர்காரரும் மாமியும் சேர்ந்து கயிற்றை இறுக்கினோம். கழுத்தும் முகமும் தண்ணீருக்கு மேலே நின்றன. கால் விடவில்லை. அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. காத்திருக்க வேண்டியதுதான். மாமா அண்ணாந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் எதையும் திருக முடியாது, தட்ட முடியாது. யாராவது வந்துதான் ஆக வேண்டும். ஒருமுறை, “வருவாங்களா மக்கா?” என்று கேட்டார். அந்தக் குரலை நான் அதற்கு முன்னால் கேட்டதில்லை. சின்னப் பையனின் குரல் மாதிரி இருந்தது.

“வருவாங்க மாமா. வழியில வாறாங்க.”

வந்தார்கள். பம்பு வைத்துத் தண்ணீரை இறைத்து, பலகை கொடுத்துச் சுவரைத் தாங்கி, ஒருவர் இறங்கிக் கல்லை நெம்பி, வலையில் வைத்து மாமாவைத் தூக்கினார்கள். புல்லில் கிடத்திய பிறகு அவர் நெஞ்சில் இருந்த என் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார் ஒருவர். முடியவில்லை.

“ஆரா ஈ கெட்டு கெட்டியது? அழிக்கான் பற்றணில்லல்லோ!”

கத்தியால் அறுத்தார்கள். மாமா கண்ணைத் திறந்து அறுந்த முனையைப் பார்த்தார். “நல்ல கயறாக்கும் அது” என்றார். பிறகு தலையைத் திருப்பி, பிளந்து கிடந்த பணிப்புரைக் கதவைப் பார்த்தார்.  ஆம்புலன்ஸில் ஏற்றும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை விடவில்லை.

கால் எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டுக் கட்டிலில் கிடந்த அந்த மாதங்கள் அவருக்குக் கிணற்றைவிடக் கஷ்டமாக இருந்தன என்று நினைக்கிறேன். ஜன்னல் வழியாக வீடு முழுவதும் அவருக்குக் கேட்டது. கேட் கிறீச்சிட்டது. என் கணவர் முதல்முறையாக ஃபியூஸ் போட்டு, வீட்டை இருட்டாக்கி, மறுபடி போட்டு, வெளிச்சம் வந்ததும் கத்தினார். மாமி மோட்டாரைப் போடக் கற்றுக்கொண்டாள். போடும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொள்வாள். பணிப்புரைக்கு ஒரு தகரக் கதவை ஆள் வைத்துப் போட்டோம். கோணலாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் மாமாவின் விரல்கள் போர்வையின் மேல் அசையும். எதையோ பிடித்துத் திருகுவதுபோல. ஆனால் கூப்பிடவில்லை.

ஒரு மத்தியானம் நான் கஞ்சி கொண்டுபோனபோது கூரையைப் பார்த்தபடியே கேட்டார்.

“மக்கா, நெய்யாற்றங்கரையில ஒரு வீடு பாத்தியளே. அது போச்சா, இன்னும் உண்டா?”

“அது போச்சு மாமா.”

“வேற பாருங்க.”

நான் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. போகவில்லை என்று சொன்னால் அவருக்குப் பிடிக்கும். அதைச் சொல்லிவிடக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

“கஞ்சியக் கொண்டா. ஆறிப்போவும்” என்றார்.

அவர் ஊன்றுகோலை விட்டு நடக்கத் தொடங்கிய பிறகு நாங்கள் நெய்யாற்றின்கரைக்குக் குடிபோனோம். அதற்கப்புறம் மாமா அதிக காலம் இருக்கவில்லை. ஒரு காலையில் நெஞ்சு அடைக்கிறது என்று மாமியிடம் சொல்லி உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்கு அவரைக் கொண்டுபோனபோது சபையார் மட்டுமில்லாமல் ஊரே வந்தது. மாமி இப்போது எங்களோடு இருக்கிறாள். பாறசாலை வீட்டுக்கு மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பெருக்கிவிட்டு வருகிறோம். அங்கே போனால் இன்னும் எனக்கு மூச்சு முட்டுகிறது. வெளியே வந்தால் அவர் நினைவாகவே இருக்கிறது. இரண்டும் சேர்ந்துதான் இருக்கும் போல.

நாங்கள் குடிபோன புதிதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து மாமாவும் மாமியும் எங்களைப் பார்க்க வந்தார்கள். மாமா கையில் டூல்ஸ் பை இருந்தது. வீட்டுக்காரர் கண்டிப்பானவர், சுவரில் ஆணி அடிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். நான் அதைச் சொன்னதும் மாமா பையைக் கதவோரம் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் முழங்காலில் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். வாடகை வீட்டின் அந்தச் சின்ன அறையில், செய்ய ஒரு வேலையும் இல்லாமல், அவரை அடைத்து வைத்ததுபோல இருந்தது.

அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. எனக்கு அது பழகிப்போயிருந்தது. மாமாவின் தலை அந்தப் பக்கம் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் எனக்கும் கேட்டது. அவர் எழுந்திருக்கத் தொடங்கினார்.

“மாமா, இரியுங்க. நான் வாஷர் வாங்கி வச்சிருக்கேன். நானே மாத்துகேன்.”

அவர் பாதி எழுந்த நிலையில் நின்றார். என்னைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து, இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார்.

கீழே இருந்த வால்வை அடைக்க மறந்துவிட்டு நான் குழாயைக் கழற்றினேன். தண்ணீர் என் முகத்திலும் கூரையிலும் பீய்ச்சி அடித்தது. மாமி கத்தினாள். கணவர் வாளியோடு ஓடி வந்து வழுக்கி விழுந்தார். நான் ஒரு கையால் தண்ணீரைப் பொத்திக்கொண்டு மறுகையால் வால்வைத் தேடினேன். அந்தக் களேபரத்தில் ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். மாமாவின் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்திருந்தது. ஆனால் எழுந்திருக்கவில்லை.

ஒருவழியாக வாஷரை மாற்றி, குழாயைத் திரும்ப முடுக்கினேன். தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, “முடிஞ்சு மாமா, பாருங்க” என்றேன்.

மாமா காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். குழாயைத் திறந்தார். மூடினார். அதன் அடியில் உள்ளங்கையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். நாங்கள் எல்லாரும் அவர் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொஞ்ச நேரம் கழித்து விரல்களை மூடினார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

“நல்லா இருக்கு மக்கா. ஒண்ணும் ஒழுகல்ல” என்றார். “போவோம், பஸ்ஸுக்கு நேரம் ஆவுது” என்று மாமியிடம் சொல்லிப் பையை எடுத்துக்கொண்டார்.

அவர்களை ஸ்டாண்டில் பஸ் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு அமைதியாக இருந்தது. அடுக்களையில் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது.

மறுநாள் இன்னொரு வாஷர் வாங்கி வந்து, முதலில் வால்வை அடைத்துவிட்டு, நானே மாற்றினேன்.